மணிலாக்கொட்டை, பள்ளிபாளையம் சிக்கன், ஒரம்பரைச் சோறு

போன மாசம் பெங்களூரில் இருக்கும் கல்லூரி நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினார். தலைப்பு: "கொங்கு நாடு - இரண்டு நாள், பத்து ருசி". வெள்ளிக்கிழமை ராத்திரி கார் எடுத்தால் ஞாயிறு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். சேலத்தில் தட்டுவடை செட், பள்ளிபாளையத்தில் சிக்கன், ஈரோட்டுப் பக்கம் நாட்டுக்கோழிக் குழம்பு, ரத்தப்பொரியல், சிந்தாமணி சிக்கன், ஊத்துக்குளி வெண்ணெய், கோவையில் அரிசியும் பருப்பும், சாம்பாரில் மூழ்கிய இட்லி, ரோட்டோரக் காளான், கடைசியாகப் பொள்ளாச்சி இளநீர். கீழே ஒரு வரி: "நீதான் அந்த ஊர்க்காரன். ஆராய்ச்சி வேற பண்றே. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"சூப்பர்"னு டைப் பண்ணிட்டு அனுப்பறதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன். பத்தும் உண்மையான சாப்பாடுதான். பத்தையும் நான் சாப்பிட்டிருக்கேன், சிலதை அளவுக்கு மீறியே. இருந்தாலும் லிஸ்ட்டைப் படிச்சு முடிச்சப்போ யாரோ எங்க வீட்டு முன்வாசலை மட்டும் போட்டோ எடுத்துட்டு "வீடு பாத்தாச்சு"ன்னு கிளம்பிப் போன மாதிரி இருந்துச்சு. ஏன் அப்படித் தோணுச்சுன்னு எழுதிப் பாக்கறதுதான் இந்தப் பதிவு. போற வழியில என் பழைய பதிவு ஒன்றில் நானே எழுதின ஒரு தப்பையும் திருத்த வேண்டியிருக்கு.

முதலில் பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். விசைத்தறிச் சத்தமும் காகித ஆலையும் உள்ள ஊர். அந்தச் சிக்கனை ஒழுங்காகச் செய்தால் அதில் இருக்க வேண்டியது எலும்போடு சின்னதாக வெட்டின கோழி, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், விதை உதிர்த்துக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், கருவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். மசாலாப் பொடி கிடையாது. கோழி விடும் தண்ணியிலேயே வெந்து, அந்தத் தண்ணி சுண்டி, எண்ணெய் பிரிஞ்சு, வெங்காயம் கரைஞ்சு கோழியில் ஒட்டணும். மிளகாயின் நிறமும் வாசனையும் இறங்கும், விதையின் கடுப்பு இறங்காது. வெங்காய இனிப்புக்கும் மிளகாய்க்கும் நடுவில் தேங்காய் பல்லில் நொறுங்கும். பொருள்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு கைப்பக்குவம் வேணும். இதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது சென்னை, பெங்களூர் மெனு கார்டுகளில் அதே பேரில் வரும் சமாச்சாரத்தை. எலும்பில்லாத துண்டு, சோள மாவு, குடைமிளகாய், சில இடங்களில் சோயா சாஸ், மேலே அலங்காரத்துக்கு ரெண்டு தேங்காய்ச் சில்லு. அது சில்லி சிக்கன். கெட்ட சாப்பாடுன்னு சொல்ல வரலை, பேர் வேற.

ஆனால் என் சண்டை ருசியைப் பற்றியது இல்லை, அதோடு ஒட்டி வரும் கதைகளைப் பற்றியது. நான் பார்த்த வீடியோக்களில் ஆளுக்கொரு பூர்வீகம் சொல்றாங்க. தறிக்காரர்கள் மசாலா வாங்க முடியாமல் கண்டுபிடித்தது என்று ஒருத்தர். வேட்டைக்குப் போனவர்கள் காட்டில் சமைத்தது என்று இன்னொருத்தர். இன்னொருத்தர் நேராகச் "சங்ககாலத்து ரெசிபி" என்று போட்டுவிட்டார். கடைசி ஆளுக்கு மட்டும் பதில் சொல்றது ரொம்பச் சுலபம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகுதான், அதாவது 16-ஆம் நூற்றாண்டில்தான், இந்தியாவுக்குள் வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் காரம் எல்லாம் மிளகுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து நொய்யல் கரை கொடுமணல் வழியாகக் கிழக்கே போன வணிகப் பாதை நமக்குத் தெரியும். 1985 முதல் கொடுமணலில் தோண்டி எடுத்த கல்மணிகளும் பானையோட்டு எழுத்துகளும் அதற்குச் சாட்சி. கொடுமணல்காரர் யாரும் வரமிளகாய் கிள்ளிப் போட்டிருக்க முடியாது.

அடுத்தது கோழி. லிஸ்ட்டில் கொங்கு என்றாலே கோழி. இன்று பள்ளிபாளையம் சிக்கனில் வேகிற கோழி பெரும்பாலும் பிராய்லர். அந்தத் தொழில் 1980-களுக்குப் பிறகு உடுமலை, பல்லடம் பக்கத்தில் வளர்ந்து, குஞ்சையும் தீவனத்தையும் கம்பெனி கொடுத்து விவசாயி வளர்த்துத் தரும் ஒப்பந்த முறையாக ஊர் ஊராகப் பரவியது. இன்றைக்கும் பல்லடத்தில் உள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துத்தான் கறிக்கடைக்காரர் போர்டு எழுதுகிறார். தண்ணி இல்லாத காட்டில் பருத்தியும் புகையிலையும் போட்டு நொந்தவர்கள் கொட்டகை போட்டுக் கோழி வளர்க்கப் போன கதை அது. அதைத் தாண்டி, நாட்டுக்கோழி என்பது எங்க பக்கத்தில் நோம்பிக்கும் கிடாவெட்டுக்கும் மாப்பிள்ளை வந்தாலும் அடிக்கிறது. வாரத்துக்கு ரெண்டு தடவை கோழி தின்ற கொங்கு நாடு என்று ஒன்று எங்க தாத்தா காலத்தில் இல்லவே இல்லை.

இங்கே கொஞ்சம் மனிலா போய் வரலாம். காரணம் இருக்கு.

பல வருஷம் முன்னால் ஆன்சைட் வேலையாக மூணு மாசம் மனிலாவில் இருந்தேன். ஆபீஸ் கேன்டீனில் ஒரு நாள் "பிகோல் எக்ஸ்பிரஸ்" என்று ஒன்று வைத்தார்கள். தேங்காய்ப்பாலில் பன்றிக்கறி, இறால் விழுது, தாராளமாகப் பச்சைமிளகாய். நம்ம ஆளுங்க நாலு பேரும் முதல் தடவையாக வயிறார சாப்பிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகா லூசோன் தீவின் தெற்கே பிகோல் பகுதிக்காரர். "உங்க ஊர்ச் சாப்பாடு அருமை" என்றேன். அவர் சிரித்தார். "சாப்பாடு எங்க ஊருதான். ஆனா எங்க வீட்டுல யாரும் இந்தப் பேர் சொல்ல மாட்டாங்க" என்றார். அப்புறம் தேடிப் படித்தேன். தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்த சமையல் பிகோலில் ஏற்கெனவே உண்டு. ஆனால் இந்தப் பேர் 1970-களில் மனிலாவின் மலாட்டே பகுதியில் செலி கலாவ் என்ற சமையல்காரர் வைத்தது. மனிலாவிலிருந்து பிகோலுக்கு ஓடிய ரயிலின் பேர் அது. ஒரு வட்டாரத்தின் புகழ்பெற்ற பண்டத்துக்குத் தலைநகரத்தில் பேர் வைத்து, ரயிலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பம்பங்கா பகுதியின் "சிசிக்" கதையும் அப்படித்தான். ஆஞ்சலெஸ் நகரத்தில் 1974 வாக்கில் லூசியா குனானன் என்ற பெண்மணி, பக்கத்து கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றித் தலைகளை வாங்கி, சுட்டு, நறுக்கி, வெங்காயத்தோடு சூடாகப் பரிமாறியது இன்றைய வடிவம். புளிப்புக் கூட்டாகச் சிசிக் என்ற சொல் அதற்கு முன்பே உண்டு. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதைச் சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை. ஆள் பேர், வருஷம், எங்கிருந்து கறி வந்தது எல்லாம் சொல்கிறார்கள். ஐம்பது வருஷத்துப் பண்டம் என்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. நம்மிடம்தான் எதைத் தொட்டாலும் ரெண்டாயிரம் வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

அந்த மூணு மாசத்தில் கிடைத்த இன்னொரு பேர் டொரீன் ஃபெர்னாண்டஸ் (1934-2002). மனிலாவின் அதெனியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சாப்பாட்டைப் பற்றி எழுதினவர்களில் நான் மிகவும் மதிக்கும் ஆள். "டிகிம்" என்ற கட்டுரைத் தொகுப்பு 1994-ல் வந்தது. அதற்கு முன்பே எழுதிய ஒரு கட்டுரையில், உலகம் முழுக்கத் தெரிந்த அடோபோவை விட்டுவிட்டு, சினிகாங் என்ற புளிக்குழம்பைத்தான் தன் நாட்டு ருசிக்கு அடையாளமாக அவர் எடுத்துக் காட்டினார். காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சினிகாங் எல்லார் வீட்டிலும் கொதிக்கும். புளிப்புக்குப் புளியங்காயோ பிலிம்பியோ கொய்யாவோ, அந்தந்த இடத்தில் என்ன காய்க்கிறதோ அது. மீனோ கறியோ, கையில் என்ன இருக்கோ அது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது. பண்டம் ஒன்றுதான், ஆனால் அது நிற்கிற மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, மனிலாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலைக்குப் பேர் மணிலாக்கொட்டை, பேச்சில் மல்லாட்டை. தென்னமெரிக்காவில் பிறந்த கடலை. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மனிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரின் பேரை நம்ம கடலை இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கு. எங்க பக்கம் கடலக்கா என்போம், ஊர்ப்பேர் உதிர்ந்துபோச்சு. கொடுக்காப்புளி இன்னும் வேடிக்கை. அதுவும் மெக்சிகோ மரம். ஆங்கிலத்தில் அதை மனிலாப் புளி என்றும் சொல்கிறார்கள், மெட்ராஸ் முள் என்றும் சொல்கிறார்கள். யாருடைய பாரம்பரியம் என்று அந்த மரத்தைத்தான் கேட்கணும். கடலைச் சட்னி, கடலெண்ணெய், மிளகாய், தக்காளி, குச்சிக்கிழங்கு இதெல்லாம் இல்லாத கொங்குச் சமையல் கட்டைக் கற்பனை செய்யவே முடியாது. எல்லாம் கப்பலேறி வந்ததுதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போ என் தப்புக்கு வரேன். நாலு வருஷம் முன்னால் இதே இடத்தில் அரிசியும் பருப்பும் பற்றி ஒரு பதிவு எழுதினேன். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய் எல்லாம் ஒரே சட்டியில் வெந்து, மேலே நெய் விட்டுச் சாப்பிடறது. அதில் "கொங்கு மக்களின் ஆதி அன்றாட உணவு" என்று ஒரு வரி போட்டிருந்தேன். நிறைய ஷேர் ஆச்சு. அது தப்பு.

தப்புன்னு சொன்னது அம்மா. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு மேட்டாங்காட்டு ஊரில் பிறந்தவர். பதிவை வாசிச்சுக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

"என்ன சாமி எழுதியிருக்கற? அது திடீர்னு ஒரம்பரை வந்துட்டா வெக்கறதில்லையா. ஒரே கொதியில ஆயிரும். வெறும் நாளைக்கு ஆரு நெல்லுச்சோறு ஆக்குவா?"

"அப்ப வெறும் நாளைக்கு என்னம்மா?"

"கம்பஞ்சோறு. சோளச்சோறு. ராகிக்களி. பொழுதோட ஆக்குனா விடியறப்ப கரைச்சுக் குடிக்கறது. பொங்கலுக்கும் தீவாளிக்கும் நெல்லுச்சோறு. இல்லாட்டி ஒரம்பரை வரோணும். நாங்க வாசல்லயே நிப்போம், ஆராச்சும் வாராங்களான்னு."

ஒரம்பரை என்றால் எங்க பாஷையில் விருந்தாளி, சொந்தக்காரர். சின்னப் பிள்ளைகள் வாசலில் நின்று விருந்தாளிக்காகக் காத்திருந்தது பாசத்தில் இல்லை, சோத்துக்கு. எத்தனையோ மாவட்ட மேனுவல் புரட்டின எனக்கு இந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்கணும்னு தோணலை.

மேனுவலும் அதையேதான் சொல்லுது. 1887-ல் நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா மேனுவலை இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். அன்றைய ஜில்லாவில் ஈரோடு, கரூர், தாராபுரம் எல்லாம் அடக்கம். கம்பும் சோளமும்தான் சனங்களின் சாப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைச்சுக்குது. கோவையில் வருஷத்துக்கு 600-700 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிசு. நெல் விளைஞ்சது ஆத்தோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும்தான்: பவானியில் கொடிவேரி, 1283-ல் முடிந்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்கால், நொய்யல் அணைகள், அமராவதிக் கரை. மேட்டில் கம்பு, சோளம், கொள்ளு. அதுக்கும் மேலே கிளுவை வேலி போட்ட கொரங்காடு. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும், அதில் மேயற மாடும் செம்மறியும். லிஸ்ட்டில் இருந்த ஊத்துக்குளி வெண்ணெய் இந்தக் காய்ஞ்ச பூமியின் பண்டம் என்பது லிஸ்ட் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்காது. நெல் விளையாத இடத்தில்தான் எருமையும் வெண்ணெயும்.

பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து கீழ்பவானி வாய்க்கால் ஓட ஆரம்பித்த பிறகுதான் படம் மாறுது. சுமார் 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2,07,000 ஏக்கர். அதிலும் முழுசா நெல் இல்லை. மதகுகளை ரெண்டாகப் பிரித்து, பாதி நிலத்துக்கு ஒரு போகம் நஞ்சை, மறுபாதிக்குப் புஞ்சைப் பயிர், அடுத்த வருஷம் மாற்றி. அப்புறம் புது ரக நெல். இங்கேயும் மனிலா வருது பாருங்க: மனிலாவுக்குத் தெற்கே லாஸ் பன்யோஸில் 1960-ல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஐ.ஆர்.8 வெளியிட்டது. கொஞ்ச வருஷத்தில் ஐ.ஆர்.20. அதன் பெற்றோரில் ஒன்று நம்ம திருவூரில் உருவான டி.கே.எம்.6. இங்கிருந்து பிலிப்பைன்ஸ் போய் அங்கே கலந்து ஐ.ஆர்.20 ஆகத் திரும்பி வந்த அரிசியைத்தான் இட்லிக்கு நல்லதுன்னு கடையில் கேட்டு வாங்கறோம். அதுக்கப்புறம் ரேஷன் அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. கம்பு தின்ன அவசியம் யாருக்கும் இல்லாமல் போச்சு. போனது நல்லதுதான் என்று அம்மா சொல்வார். கம்பை உரலில் குத்தித் தவிடு போக்கினது அவர் கை. என் கை இல்லை.

ஆகவே அரிசியும் பருப்பும் கொங்கின் அன்றாடச் சோறு ஆனது என் அம்மாவின் வாழ்நாளுக்குள் நடந்த சமாச்சாரம். அதனால் அது கொங்குச் சாப்பாடு இல்லையா? கட்டாயம் கொங்குச் சாப்பாடுதான். "ஆதி", "அன்றாட" ரெண்டு சொல்லும்தான் பொய்.

இதைவிட என்னை யோசிக்க வெச்சது அடுத்து நடந்தது. போன வருஷம் புனேயிலிருந்து ஆபீஸ் சகா ஒருவர் வந்திருந்தார். ஓட்டல் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு வேணும், நீங்க சாதாரணமா என்ன சாப்பிடுவீங்களோ அதுவே போதும் என்றார். நல்ல மனசு. நான் அம்மாவிடம் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் வெக்கச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபமே வந்துருச்சு.

"ஒரம்பரைக்குக் களியா போடுவாங்க? வந்தவீங்க என்ன நெனைப்பாங்க?"

அன்னிக்கு வெச்சது சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, தக்காளி ரசம், பாயசம். வந்தவர் வயிறு நிறைஞ்சு போட்டோ எடுத்து "தமிழ்நாட்டு அன்றாட உணவு" என்று போட்டார். எங்க வேலையில் ஒருவகைப் பிழை உண்டு. சாதாரணமா ஓடும்போது இருக்கும், டீபக்கரைப் போட்டுப் பார்க்கப் போனால் காணாமல் போயிரும். ஹைசன்பக் என்போம். கொங்குச் சாப்பாட்டைத் தேடிப் போறதும் அதேதான். தேடி வர்றவன் எப்பவும் ஒரம்பரை. அதனால் அவன் இலையில் விழறது எப்பவும் ஒரம்பரைச் சோறு. ஓட்டலும் அதே விதியில்தான் நடக்குது. காசு கொடுத்து வர்றவனுக்கு யாரும் பயறு கடைஞ்சு போட மாட்டாங்க. அந்தப் பத்து ருசி லிஸ்ட்டில் பாதி கறியும் வெண்ணெயுமா இருப்பது எழுதினவர் சோம்பல் மட்டும் இல்லை. நாம காட்ட விரும்பினதைத்தான் அவர் பார்த்தார்.

காட்ட விரும்பாதது இன்னும் இருக்கு. கூழ் பற்றி அம்மா சொல்லும்போது, காட்டு வேலைக்கு வந்தவங்களுக்கும் அதே கூழ்தான் என்றார். "அதே சொம்பிலயா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசலை. "அவங்களுக்குக் கொட்டாங்குச்சில ஊத்துவாங்க. வேலி ஓரமா." அது எங்க காடுதான். ஊத்தினது என் அம்முச்சியோ அப்புச்சியோதான். "கொங்குச் சமையல்" என்று இன்று போர்டு மாட்டி விக்கிறதில் பெரும்பகுதி நிலம் இருந்தவங்க வீட்டு விசேஷச் சமையல். ரத்தமும் குடலும் யார் வீட்டு அடுப்பில் வெந்தது, யார் அதை முன்னாடி கேலி பேசினாங்க என்பதெல்லாம் ரத்தப்பொரியல் ஸ்பெஷல் ஆன பிறகு மறந்துபோச்சு. மாட்டுக்கறியும் கொங்கில் சமைக்கிறாங்க, நல்லாவே சமைக்கிறாங்க. எந்த லிஸ்ட்டிலும் அது வராது. அதேபோல இந்தப் பக்கத்தில் கன்னடம் பேசும் தேவாங்கர் வீடுகளும் தெலுங்கு பேசும் வீடுகளும் எத்தனை இருக்கு. போளியை நாங்க ஒப்புட்டு என்போம். அது கன்னடத்து ஒப்பட்டு. 1799 வரைக்கும் மைசூர் ஆட்சியில் இருந்த ஊருக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை.

ஃபெர்னாண்டஸ் மாதிரி என்னை ஒரே ஒரு பண்டம் சொல்லச் சொன்னால் நான் பள்ளிபாளையம் சிக்கன் சொல்ல மாட்டேன். அரிசியும் பருப்பும் கூடச் சொல்ல மாட்டேன். கடைசல் என்பேன். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கீரை, காட்டில் எது விளைஞ்சதோ அது. வேக வெச்சு, சின்ன வெங்காயம், மிளகாய், சீரகம், பூண்டு போட்டு, மண்சட்டியில் மத்தால் கடைஞ்சு எடுக்கறது. களிக்கும் ஆகும், கம்பஞ்சோத்துக்கும் ஆகும், நெல்லுச்சோத்துக்கும் ஆகும். மழை பெய்ஞ்ச வருஷமா இல்லையா என்பது சட்டிக்குள் தெரிஞ்சுரும். காடு வெச்சிருந்தவன் வீட்டிலும் அதுதான், காட்டுக்கு வேலைக்கு வந்தவன் வீட்டிலும் அதுதான். போட்டோவில் பார்த்தால் சேறு மாதிரி இருக்கும், அதனால் ரீல்ஸில் வராது.

லிஸ்ட்டில் எனக்குப் பிடிச்சது ரோட்டோரக் காளான். காளானைவிட முட்டைக்கோஸ்தான் ஜாஸ்தி. பொரிச்சு, கல்லில் போட்டுக் கொத்தி, கிரேவியில் மசிச்சு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவாங்க. அதைப் பாரம்பரியம்னு சொல்லி யாரும் ஏமாத்தறதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் காலேஜ் பசங்களும் மில் வேலை முடிஞ்சு வர்றவங்களும் ஒரே வண்டியைச் சுத்தி நின்னு சாப்பிடறாங்க. ஒரம்பரைக்குன்னு தனியா ஒரு காளான் இல்லை.

சனி, ஞாயிறு கணக்கில் வராதவை வேற இருக்கு. கச்சாயம் தீபாவளிக்கு. சந்தகை பிழியறதுக்கு வீட்டில் ஆள் வேணும், ஒருத்தர் மாவு போட, ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் தட்டைத் திருப்ப. தேங்காய்ப்பாலும் எள்ளுப்பொடியும் அதுக்கப்புறம். செலவு ரசம் சளி பிடிச்சவனுக்கும் பிள்ளை பெத்தவளுக்கும். பசியோட கூட உடம்பு சரியில்லாமலும் போனாத்தான் அது கிடைக்கும்.

இதையெல்லாம் சுருக்கி நண்பருக்கு ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பத்து ஊரை வெட்டி ஒரு ஊராக்கு, வாரச்சந்தை நாளில் போ, என்ன பயறு வந்திருக்குன்னு பாரு, விக்கிற அம்மாகிட்ட நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்னன்னு கேளு என்றேன். பழைய பதிவிலும் அந்த வரியை அடிச்சுட்டு, யார் சொல்லித் திருத்தினேன் என்பதையும் சேர்த்திருக்கேன். அம்மாவுக்கு அது பிடிக்கலை. "கூழு குடிச்சதெல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்லிக்கிட்டு" என்றார்.

நண்பரிடமிருந்து அரை மணி நேரம் கழிச்சுப் பதில் வந்தது. "எல்லாம் சரிய்யா. சனிக்கிழமை மத்தியானம் பசங்களோட எங்க சாப்பிடறது?"

பள்ளிபாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் கடையின் லொக்கேஷனை அனுப்பிவைத்தேன். எலும்போடு கேளு, ஒரு மணிக்குள்ள போயிரு, அப்புறம் தீர்ந்துரும் என்றும் சொன்னேன்.